தெற்குக் கைப்பிடிச் சுவரின் அடியில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் சமயத்தில் சென்னையின் பழைய மொட்டை மாடிகளில் ஏறிப் பார்த்தால், பாசி எங்கே அடர்ந்திருக்கும் என்பதைத் திசைகாட்டி இல்லாமலே சொல்லிவிடலாம். பெரும்பாலும் அது தெற்குக் கைப்பிடிச் சுவரின் உட்புற அடியில்தான் இருக்கும். மாடியின் நடுப்பகுதி வெளுத்துக் கிடக்கும்போதும், அந்தச் சுவரை ஒட்டி ஓரிரு அடி அகலத்துக்குக் கறுப்பும் பச்சையுமாக ஒரு பட்டை நீண்டு கிடக்கும்.

காரணம் வானத்தில் இருக்கிறது. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை தமிழ்நாட்டில் சூரியன் காலை முதல் மாலை வரை தெற்குச் சாய்வாகவே நகர்கிறது. அந்த ஆறு மாதமும் தெற்குச் சுவரின் உட்பக்கத்தில் நேர்வெயில் ஒரு நிமிடம்கூடப் படாது. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் சென்னையின் நண்பகல் சூரியன் தென் அடிவானத்திலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். 3 அடி உயரச் சுவரின் நிழல் அப்போது 2 அடிக்கும் சற்று அதிகமாகத் தளத்தில் விழும். சென்னைக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. ஆக, நனையும் காலமும் வெயில் படாத காலமும் ஒரே இடத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன.

பாசிக்கும் ஒளி வேண்டும். முழு இருட்டில் அது வளராது. நிழல் அதற்குச் செய்யும் உதவி வேறு. பெய்த நீரைச் சீக்கிரம் காயவிடாமல் நிழல் பிடித்து வைக்கிறது. ஒரு மழைக்குப் பிறகு ஒரு தளம் எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்பதே அங்கே எது வளரும், எவ்வளவு வேகமாக வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது. பாசியைக் கட்டுப்படுத்தும் வேலை ஏறக்குறைய முழுவதும் இந்த ஈர நேரத்தைக் குறைக்கும் வேலைதான். மருந்துகளுக்கு இதில் இடம் உண்டு, ஆனால் சிறிய இடம்.

மாடியில் கறுப்பாகப் படிந்திருப்பதைப் பலரும் தூசி, புகை, அழுக்கு என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது உயிருள்ள படலம். நீலப்பச்சைப் பாசி என்று பாடநூல்கள் சொல்லும் சயனோபாக்டீரியாக்கள்தான் வெயிலில் காயும் சிமென்ட் தளத்தில் முதலில் குடியேறுகின்றன. சைட்டோனீமா, டோலிபோத்ரிக்ஸ் போன்ற இனங்கள் வீட்டு மாடிகளில் மட்டுமின்றி ஒடிசாவின் பழங்கோயில் கற்களிலும் கறுத்த தோலாகப் படிந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கறுப்புக்குக் காரணம் சைட்டோனெமின் என்ற நிறமி. பாசி இழையைச் சுற்றியிருக்கும் உறையில் தங்கி, புறஊதாக் கதிரை உள்ளே விடாமல் உறிஞ்சிக்கொள்கிறது அது. கோடையில் கையால் தேய்த்தால் தூளாக உதிரும் இந்தப் படலம் செத்துப் போனதல்ல. உள்ளே சர்க்கரைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, உயிர்ச்செயல்களை ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. முதல் மழை விழுந்ததும் நீரை உறிஞ்சி உப்பி, சில மணி நேரத்துக்குள் மீண்டும் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும்.

வழுக்குவதற்கும் அந்த உறைதான் காரணம். பலவகைச் சர்க்கரைத் தொடர்களால் ஆன கூழ் அது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். காலுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே அந்தக் கூழும் நீரும் படலமாக நிற்பதால் பிடிமானம் போய்விடுகிறது. துணி உலர்த்தப் போய் மாடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களைத் தெருவுக்கு ஒருவராவது அறிந்திருப்பார்கள். பாசியின் தீங்குகளில் முதலில் வைக்க வேண்டியது இதுவே. சுவரின் அழகு கெடுவது அதற்கு வெகு பின்னால்தான் வரும்.

புது வீட்டின் மாடி சில ஆண்டுகளுக்குச் சுத்தமாக இருப்பதையும், பிறகு திடீரென்று கறுக்கத் தொடங்குவதையும் கட்டியவர்கள் எல்லோரும் கவனித்திருப்பார்கள். சிமென்ட் புதிதாக இருக்கும்போது கடுமையான காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் பெரும்பாலான நுண்ணுயிர்களால் பிழைக்க முடியாது. காற்றிலுள்ள கரியமில வாயு ஈரத்தோடு சேர்ந்து மேற்பரப்பிலுள்ள சுண்ணாம்பை மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. பி.எச். 9-ஐ ஒட்டி இறங்கியதும் பாசிக்கு வழி திறந்துவிடுகிறது. சுண்ணாம்பு அடிக்கும் பழைய வழக்கத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முன் கைப்பிடிச் சுவரைச் சுரண்டி, நீர்த்த சுண்ணாம்பைப் பூசியபோது அதன் காரம் இருந்த பாசியைக் கொன்றது. மெல்லிய பூச்சு என்பதால் அந்தக் காரம் சில வாரங்களுக்கு மேல் நிற்காது; ஐப்பசி மழை வரும்வரை காவல் காத்தது அதுவல்ல. வருடம் தவறாமல் சுரண்டி எடுத்ததும், வெள்ளைப் பரப்பு விரிசலையும் கசிவையும் உடனே கண்ணுக்குக் காட்டிக்கொடுத்ததும்தான் சுண்ணாம்பு வீடுகளைக் காப்பாற்றின என்று சொல்வது பொருந்தும்.

எல்லாப் பாசியும் கறுப்போ பச்சையோ அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் சுவர்களிலும் தென்னை மரங்களிலும் செங்காவி நிறத்தில் திட்டுத்திட்டாகப் படிவது டிரென்டெபோலியா என்ற பாசி. அது பச்சைப் பாசி வகையைச் சேர்ந்ததுதான். கரோட்டினாய்டு நிறமிகள் மிகுந்திருப்பதால் பச்சை வெளியே தெரிவதில்லை. 2001-இல் கோட்டயம், இடுக்கி பகுதிகளில் சிவப்பு மழை பெய்து ஊரே பேசியபோது, அந்த நிறம் டிரென்டெபோலியா வகைப் பாசியின் வித்துகளால் வந்தது என்று கேரளத்தின் ஆய்வு நிறுவனங்கள் கண்டறிந்தன. சுவரில் இருக்கும் செம்படிவு வழுக்குவதும் இல்லை, நீரைத் தேக்குவதும் இல்லை. அதை விட்டுவைக்கலாம்.

பாசிப் படலம் கொஞ்சம் தடித்துத் தூசியையும் பிடித்து வைக்கத் தொடங்கியதும் மாஸ் வருகிறது. வெல்வெட் துணிபோல் பச்சைப் பசேலென்று தட்டோட்டு இடுக்குகளில் நிற்கும் சிறு தாவரம் அது. அதற்கு வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள நுண்ணிய இழைகள் மட்டும் உண்டு. நீரையும் உப்புகளையும் உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். இந்தியச் சுவர்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஹையோஃபிலா இன்வொலூட்டா, காய்ந்தால் இலைகளை உட்புறமாகச் சுருட்டிக்கொள்ளும். நனைந்தால் சற்று நேரத்தில் விரித்துவிடும். பிரையம் அர்ஜென்டியம் என்ற வெள்ளி மாஸ் அண்டார்டிகாவிலும் வளர்கிறது, நகரத்து நடைபாதைகளிலும் வளர்கிறது. அதன் இலை நுனிகளில் பச்சையம் இல்லாததால் வெள்ளி போல மின்னி, மிகுதியான வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

இந்த வெள்ளி மாஸை வைத்து ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை ஒன்று 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. மாஸின் ஆண் அணுக்கள் நீர்ப்படலத்தில் நீந்திப் பெண் உறுப்பை அடைய வேண்டும். அவற்றால் நீந்தக்கூடிய தூரம் மிகக் குறைவு. ஆண் திட்டையும் பெண் திட்டையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் தள்ளி வைத்தபோது கருவுறுதல் நடக்கவில்லை. ஸ்பிரிங்டெயில் எனும் துள்ளும் சிற்றுயிர்களையும் சிற்றுண்ணிகளையும் நடுவே விட்டபோது நடந்தது. பூவுக்குத் தேனீ செய்யும் வேலையை, பூவே இல்லாத தாவரத்துக்கு இந்தச் சிறு உயிர்கள் செய்கின்றன. மாடி மூலையில் ஒரு சாண் பச்சைத் திட்டுக்குள் இவ்வளவு நடக்கிறது என்பது அதைச் சுரண்டப் போகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சேதி.

சுரண்டத்தான் வேண்டுமா என்று கேட்டால், நம் நாட்டுக் கூரைகளைப் பொறுத்தவரை வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் அரச மரமும் ஆல மரமும். மாஸ் பிடித்து வைக்கும் தூசி ஈர மண்ணாகிறது. பறவைகள் பழத்தைத் தின்று எச்சத்தோடு போடும் அரச விதைக்கும் ஆல விதைக்கும் அது போதும். நாற்று இரண்டு இலை விடும்போதே அதன் வேர் விரிசலைத் தேடிப் போய்விடுகிறது. பழைய கட்டடங்களின் கைப்பிடிச் சுவர்களைப் பிளந்து நிற்கும் மரங்களில் பலவும் இப்படி ஒரு பச்சைத் திட்டிலிருந்து தொடங்கியவை. இலையைக் கிள்ளினால் போகாது. வேரின் மிச்சம் மறுபடி துளிர்க்கும். நாற்று விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு உருவி எடுத்து, விரிசலை அடைத்துவிட வேண்டும்.

ஓட்டுக் கூரையின் கதை சற்று வேறு. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது முதல், மேற்குக் கடற்கரையிலும் மலையோரத்திலும் சீமை ஓடு பரவியது. ஓடு சாய்வாக இருப்பதால் நீர் நிற்காது. ஆனால் சுட்ட மண்ணின் நுண்துளைகள் நீரைக் குடித்து வைத்திருக்கும். சரியாக வேகாத ஓடு இன்னும் அதிகம் குடிக்கும். கூடலூர், வால்பாறை போன்ற இடங்களில் மாதக்கணக்கில் மழையும் மூட்டமும் இருப்பதால் ஓடு உலரவே நேரம் கிடைப்பதில்லை. ஓட்டின் மேல் ஓடு ஏறி அமரும் இடுக்கில் மாஸ் வளர்ந்தால் அது சிறு அணை போல் நீரைத் தடுத்து, மேல்நோக்கி உட்புறமாக ஏறவைக்கிறது. சட்டமும் ரீப்பரும் உளுத்துப் போவது அங்கிருந்துதான். ஐரோப்பாவில் ஓட்டுக்குள் உறைந்த நீர் விரிந்து ஓட்டையே உடைக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அந்தக் கவலை இல்லை. உறைபனி விழும் ஊட்டி போன்ற இடங்களில் மட்டும் அந்த ஆபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மக்கள் கையாளும் வைத்தியங்களில் மிக மோசமானது ஆசிட். குளியலறை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மாடியில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கி, பளிச்சென்று ஆவது உண்மை. நுரைப்பது பாசி அல்ல, சிமென்ட். சுண்ணாம்புச் சேர்மங்கள் கரைந்து மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. அடுத்த மழையில் அந்தச் சொரசொரப்பிலேயே பாசி இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே மாடியில் பயன்படுத்தவே கூடாது.

பிளீச்சிங் கரைசலைத் தனியாகப் பயன்படுத்துவதில் பலன் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் தார் ஓட்டுக் கூரைகளில் கறுப்புக் கோடுகளாகப் படியும் குளோயியோகாப்சா மாக்மா என்ற சயனோபாக்டீரியாவுக்கு எதிராக அங்குள்ள கூரைத் தயாரிப்பாளர் சங்கம் சொல்லும் வழியும் இதுதான்: சலவைக்கு விற்கும் திரவ பிளீச்சில் சரிபாதி தண்ணீர் கலந்து தெளித்து, 15 முதல் 20 நிமிடம் விட்டு, அழுத்தமில்லாத நீரால் கழுவுவது. அழுத்தக் குழாய் வேண்டாம் என்று அதே சங்கம் எச்சரிக்கிறது. நம் மாடிக்கும் அது பொருந்தும்; வேகமாகப் பீய்ச்சும் நீர் தட்டோட்டுச் சாந்தைக் கொத்தி எடுத்துவிடும். நைலான் பிரஷ் போதும், இரும்பு பிரஷ் வேண்டாம். வெயில் பிளீச்சைச் சிதைத்துவிடுமாதலால் மாலையில் செய்வது நல்லது. விரிசல் விட்ட கான்கிரீட்டில் மட்டும் இதையும் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது, ஏனெனில் குளோரைடு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். முதலில் விரிசலை அடைக்க வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்கள் எதையுமே தேய்க்கக் கூடாது. பழைய தகட்டைச் சுரண்டினாலும் அழுத்தக் குழாயால் அடித்தாலும் நுண்ணிழைகள் கிளம்பும்; மூச்சோடு உள்ளே போனால் அவை பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும். அந்தக் கூரையில் பாசி இருந்துவிட்டுப் போகட்டும்.

சுரண்டிய மாஸை மூலைக்குத் தள்ளித் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. மாஸின் தண்டிலோ இலையிலோ ஒரு துண்டு விழுந்தாலும் அதிலிருந்து முழுச் செடி முளைக்கும். கழுவிய நீர் போகும் வழியெங்கும் நாற்று நட்டது போல் ஆகிவிடும். கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டி இறக்குவதே சரி.

பாசிக்கு நஞ்சாகும் உலோகங்களில் செம்பு பழம்பெரும் பெயர் பெற்றது. பிரான்சின் மெடோக் பகுதியில் வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்கச் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்டே 1885-இல் அதை வெளியிட்டார். காபித் தோட்டத்தாரும் பாக்குத் தோட்டத்தாரும் இன்றும் தெளிக்கும் போர்டோ கலவை அதுதான். பூஞ்சையைப் போலவே பாசியையும் செம்பு கொல்கிறது. பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தின் இடத்தைப் பிடித்து ஒளிச்சேர்க்கையைக் குலைக்கிறது. கூரை முகட்டில் செம்புத் தகடோ துத்தநாகத் தகடோ பதித்தால், மழை பெய்யும்போதெல்லாம் நுண்ணளவில் கரைந்து வழிந்து சில மீட்டர் வரை ஓட்டைச் சுத்தமாக வைத்திருக்கும். அமெரிக்கத் தார் ஓடுகளில் செம்பு பூசிய மணல்துகள்களைக் கலந்தே விற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. 2003 முதல் இங்கே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரையில் தெளித்தது எதுவானாலும் அது கிணற்றுக்கோ, தொட்டிக்கோ, நிலத்தடிக்கோ போய்ச் சேரும். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் அதைவிட வெகு குறைந்த அளவே நஞ்சு. பாசி எதிர்ப்பு பெயின்ட்களில் சேர்க்கப்படும் டையூரான், டெர்புட்ரின் போன்ற நஞ்சுகள் மழையில் கரைந்து வெளியேறுவதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவை கரைந்து வருவதால்தான் பாசியைக் கொல்கின்றன. கரைந்து முடிந்ததும் பெயின்ட்டின் பலனும் முடிந்துவிடும். சேகரித்த நீரைச் சமையலுக்கோ குடிக்கவோ எடுக்கும் வீட்டில் செம்பும் வேண்டாம், இந்தப் பெயின்ட்டும் வேண்டாம். பிளீச்சிங் கரைசலால் கழுவும் நாளில் சேகரிப்புக் குழாயைத் திருப்பிவிட்டு, அடுத்த முதல் மழையையும் வெளியே விட்டுவிட வேண்டும்.

தானே சுத்தமாகும் பூச்சு என்று விற்கப்படுவனவற்றில் பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடு இருக்கும். ரோமில் 2003-இல் திறக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின் வெள்ளைச் சிமென்ட்டில் கலந்திருப்பதும் அதுவே. புறஊதாக் கதிர் பட்டால்தான் அது வேலை செய்யும். வெயில் படாத மூலைக்கு அதை வாங்குவது வீண்செலவு.

ஆகவே ஈரத்துக்கே வர வேண்டியிருக்கிறது. தளத்துக்கு 10 அடிக்கு ஒன்றரை முதல் 2 அங்குல வாட்டம் இருந்தால் நீர் ஓடிவிடும். கட்டும்போது சரியாக இருந்த வாட்டம், பின்னால் போட்ட ஒட்டுப்பூச்சுகளால் கெட்டுப்போயிருக்கலாம். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து மாடியேறி, நீர் தேங்கிய இடங்களைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டால் வேலை எங்கே என்று தெரிந்துவிடும். அந்தப் பள்ளங்களை மட்டும் நிரவினால் போதும். வேப்பிலையும் மாவிலையும் அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய் வாயை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

மரத்தை வெட்டத் தேவையில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கிறது. கோடையின் மாலை வெயில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அடிக்கிறது. அந்தப் பக்கக் கிளைகள் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கின்றன, அவற்றைத் தொடக் கூடாது. வீட்டின் தெற்கிலும் தென்கிழக்கிலும் கூரைமேல் கவியும் கிளைகளைப் புரட்டாசிக்குள் கழித்துவிட்டால், மழைக்கால வெயில் தளத்தில் இறங்கும். நாளுக்கு ஓரிரு மணி நேர வெயில் கிடைத்தாலே காய்வதில் பெரிய வித்தியாசம் தெரியும்.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் தொட்டிகளை நேராகத் தளத்தில் வைக்காமல் நிலைச்சட்டத்தில் ஏற்றி வைக்க வேண்டும். தொட்டியின் அடியில் காற்று போகாத ஈரமும் இருக்கிறது, உரத்திலிருந்து கசியும் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. பாசிக்கு வேறென்ன வேண்டும்? புறாக்கள் அடையும் இடத்திலும் இதே நிலைதான்.

மழையே இல்லாத வைகாசியிலும் சில மாடிகளில் ஒரு பட்டை பச்சையாகவே இருக்கும். அதன் போக்கைப் பின்பற்றிப் போனால் பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயிலோ ஏ.சி.யின் வடிகுழாயிலோ போய் முடியும். தொட்டி நிரம்பியும் மோட்டாரை நிறுத்த மறப்பதால் அன்றாடம் ஒரு முறை தளம் நனைகிறது. தொட்டியின் நிழல் அதைக் காயவிடுவதில்லை. மோட்டார் தானாக நிற்கும்படி மிதவை ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தி, ஓவர்ஃப்ளோவையும் ஏ.சி. நீரையும் குழாய் வழியே நேராகக் கீழே இறக்கிவிட்டால், அந்தப் பட்டை ஒரு கோடையில் சருகாகி விளக்குமாற்றுக்கு வந்துவிடும்.